58 லட்சம் பிளாட், கைல 16 லட்சம்: எடுக்கலாமா, பொறுக்கலாமா?

வாடகைவாசி:
வணக்கம் மக்களே. நானும் வீட்டம்மாவும் ரெண்டு பேரும் வேலைக்கு போறோம், எனக்கு கைக்கு வர்றது 72, அவங்களுக்கு 38, ஆக மாசம் ஒரு லட்சத்து பத்தாயிரம். இப்ப மேடவாக்கத்துல 16 ஆயிரம் வாடகை. சுவத்துல ஒரு ஆணி அடிச்சா கூட ஓனர் கீழ இருந்து மேல வந்துடறாரு, போதும்டா சாமின்னு ஆயிடுச்சு.

ஊரப்பாக்கம் ஸ்டேஷன்ல இருந்து நடக்குற தூரத்துல ஒரு 2 பிஹெச்கே பாத்தோம், 1050 சதுர அடி, கட்டி முடிச்சாச்சு, கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டும் வந்துடுச்சுன்னு சொல்றாங்க. கார் பார்க்கிங் சேர்த்து 58 லட்சம். கைல 16 லட்சம் இருக்கு (எப்டி, சீட்டு, கொஞ்சம் மியூச்சுவல் பண்ட் எல்லாம் சேர்த்து). பேங்க் 80 பர்சன்ட் குடுத்தா நம்ம பங்கு 11.60, மீதி 4.40 இருக்கு, அதுல ரெஜிஸ்ட்ரேஷன், கிச்சன் வேலை, கிரகப்பிரவேசம் எல்லாம் முடிஞ்சுடும்னு நான் ஒரு கணக்கு போட்டு வெச்சிருக்கேன். வண்டி லோன் 4500 இன்னும் ஒரு வருஷம் இருக்கு, ஊருக்கு அப்பா அம்மாவுக்கு 10 ஆயிரம் அனுப்புறேன்.

பில்டர் ஆபீஸ்ல இந்த வாரத்துக்குள்ள 5 லட்சம் அட்வான்ஸ் போட்டாதான் இந்த ரேட்டுங்கறாங்க, மாமனார் வேற தை மாசம் தாண்டக்கூடாதுங்கறாரு. என் கணக்கு சரியா? எங்கயாவது இடிக்குதா?

கணக்குப்புள்ள:
இடிக்குது தம்பி. அந்த 4.40 லட்சம் ரெஜிஸ்ட்ரேஷனுக்கே போயிடும்.

2023 டிசம்பர்ல இருந்து பில்டர் கிட்ட நேரா வாங்குற புது பிளாட்டுக்கு நிலம் கட்டடம் ரெண்டையும் சேர்த்து ஒரே மதிப்பா பதியணும். 50 லட்சம் வரைக்கும் ஸ்டாம்ப் 4 பர்சன்ட், ரெஜிஸ்ட்ரேஷன் 2, ஆக 6. அதுக்கு மேல 3 கோடி வரைக்கும் 7. உங்களுக்கு 58ல 7 பர்சன்ட்னா 4 லட்சத்து 6 ஆயிரம். இத பேங்க் அந்த 80 பர்சன்ட்டுக்குள்ள சேர்க்காது, ரிசர்வ் பேங்க் ரூலே அப்படித்தான், முழுக்க உங்க கைக்காசு. 11.60உம் 4.06உம் சேர்த்தா 15.66. மிச்சம் 34 ஆயிரம், அதுல கிச்சனும் கட்டி ஊருக்கு சாப்பாடும் போடப்போறீங்களா?

இதுக்கு மேல பில்டர் தனியா வசூல் பண்றது இருக்கு, ஈபி டெபாசிட், கார்ப்பஸ் பண்ட் (அசோசியேஷனோட பொது சேமிப்பு), ஒரு வருஷ மெயின்டனன்ஸ் முன்கூட்டியே, லீகல் சார்ஜ்னு. காஸ்ட் ஷீட் எழுத்துல வாங்குங்க, சேல்ஸ் பையன் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"னு சொல்ற ஒவ்வொன்னும் பின்னாடி ஆயிரக்கணக்குல வந்து நிக்கும். பேங்க் பக்கம் ப்ராசஸிங், லீகல் ஒப்பினியன், வேல்யூவேஷன், எம்ஓடி (பத்திரத்த பேங்க்ல அடமானமா வெக்கிறதுக்கான) பதிவு செலவு. அப்புறம் லோன் இன்சூரன்ஸ்னு ஒன்ன கட்டாயம் மாதிரி சொல்லி ப்ரீமியத்த லோன்லயே சேர்ப்பாங்க, அது கட்டாயம் கிடையாது, தனியா ஒரு டெர்ம் பாலிசி போட்டுக்கோங்க.

இன்னும் ரெண்டு விஷயம். கம்ப்ளீஷன் சர்டிபிகேட் "வந்துடுச்சுன்னு சொல்றாங்க"ன்னு எழுதியிருக்கீங்க, நகல் கைல வாங்கி தேதிய பாருங்க. சர்டிபிகேட் வந்த பிறகு முதல் பணம் குடுத்தா ஜிஎஸ்டி கிடையாது, அதுக்கு முன்னாடி அட்வான்ஸ் போட்டா 5 பர்சன்ட், உங்க பிளாட்டுக்கு 2.90 லட்சம். இந்த வாரமே போடுங்கன்னு அவங்க ஏன் அவசரப்படறாங்கன்னு கொஞ்சம் யோசிங்க. ரெண்டாவது, 50 லட்சமோ அதுக்கு மேலயோ போனா 1 பர்சன்ட் டிடிஎஸ் (விக்கிறவரோட வருமான வரிக்கான பிடித்தம்) நீங்கதான் பிடிக்கணும், 58 ஆயிரத்த பில்டருக்கு குடுக்குற காசுல கழிச்சு வருமான வரித்துறைக்கு கட்டணும். கூடுதல் செலவு இல்ல, ஆனா விட்டுட்டா வட்டியும் லேட் பீஸும் உங்க தலைல.

46.40 லட்சத்துக்கு 8 பர்சன்ட்ல 20 வருஷம்னா இஎம்ஐ 38,800 சொச்சம் வரும். மெயின்டனன்ஸ் ஒரு மூவாயிரம் வெச்சா 42. வாடகைய விட 26 ஆயிரம் கூட. அடுத்த மாசத்துல இருந்து அந்த 26 ஆயிரத்த ஆர்டில போட்டுட்டு மீதில குடும்பம் நடத்தி பாருங்க, ஆறு மாசம் சமாளிச்சா ஒன்றரை லட்சமும் சேரும், இந்த இஎம்ஐ தாங்குமான்னும் தெரிஞ்சுடும். வீட்ல குழந்தை பிளான் ஏதாவது இருந்தா அந்த 38 கொஞ்ச நாள் நிக்கும், அதையும் இப்பவே பேசிடுங்க.

பெருங்களத்தூர்காரி:
அண்ணா சொன்னது சரி, நான் குடி போற பக்கத்த சொல்றேன். புது பிளாட்னா வெறும் டப்பாதான் குடுப்பாங்க. பேன், லைட்டு, கீசர், கர்ட்டன் ராடு, கொசுவலை, பால்கனி கிரில், துணி காயப்போட கம்பி, எல்லாம் நம்ம செலவு. இதுல எத முன்னாடி செய்யணும் எத பின்னாடி செய்யணும்னு பிரிச்சுட்டா பாதி பாரம் குறையும். தூசி பறக்குற வேலை, சுவர உடைக்கிற வேலை எல்லாம் குடி போறதுக்கு முன்னாடி: கிச்சன் கீழ் கப்போர்டு, லாப்ட் கதவு, கிரில், கூடுதல் ப்ளக் பாயின்ட். பெட்ரூம் வார்ட்ரோப், டிவி யூனிட், பால்ஸ் சீலிங் இதெல்லாம் போனஸ் வரட்டும்னு விடுங்க, இருக்கிற ஸ்டீல் பீரோ ஓடிப்போயிடாது. கிச்சனுக்கு மட்டும் 710 கிரேடு தண்ணி தாங்குற ப்ளைய கேளுங்க, சிங்க் அடில சாதா ப்ளை போட்டா உப்பி வந்துடும்.

கிரகப்பிரவேசத்த தைல பண்ணணும்னா பண்ணிடுங்க, பால் காய்ச்சி ஒரு ராத்திரி தங்கிட்டு வந்துட்டா போதும், பொறவு வேலைய முடிச்சு மெதுவா குடி போகலாம், எங்க அப்பார்ட்மென்ட்ல பாதி பேர் அப்படித்தான். ஆனா அந்த மாசம் வாடகையும் இஎம்ஐயும் சேர்ந்தே போகும், ரெண்டு மூணு மாசத்துக்கு அத தனியா எடுத்து வெச்சுக்கோங்க. மேடவாக்கம் வீட்டு அட்வான்ஸ் வரும்னு அத கணக்குல சேர்க்காதீங்க, சாவி குடுத்த பிறகுதான் வரும், அதுலயும் பெயின்ட்டுக்குன்னு ஒரு மாச வாடகைய கழிச்சுப்பாங்க.

ஒன்னு கேக்கறேன் தப்பா நெனைக்காதீங்க, குறைஞ்ச காசுக்கு நகைய வெக்கலாம்னு மனசுல இருக்கா? பர்சனல் லோன விட நகைக்கடன் வட்டி குறைவுதான், அதுல சந்தேகமில்ல. ஆனா அத மீட்க மாசாமாசம் எங்க இருந்து எடுப்பீங்கன்னு பாத்துட்டு வைங்க. பத்திரத்துல வீட்டம்மா பேரும் வரணும், இஎம்ஐல அவங்க சம்பளமும் போகுதுல்ல.

சைட்டு மேஸ்திரி:
காசு கணக்க அவங்க பேசிட்டாங்க. நான் கட்டட வேலைல இருக்கேன், அதனால வீட்ட பத்தி சொல்றேன்.

ஒரு பக்கெட் தண்ணிய பாத்ரூம் தரைல ஊத்தி பாருங்க, மூலைல தேங்காம ஜாலிக்கு போகுதான்னு. போன் சார்ஜர எடுத்துட்டு போய் ஒவ்வொரு ப்ளக்லயும் சொருகி பாருங்க. டைல்ஸ தட்டுங்க, டொக்கு டொக்குன்னு வெத்து சத்தம் வந்தா கீழ கலவை சரியா உக்காரல. டாப் ப்ளோர்னா மழை பெஞ்ச மறுநாள் போங்க, வெயில்ல எல்லா வீடும் அழகாத்தான் இருக்கும். ஏழரை மணி ராத்திரில ஒரு தடவ போய் வாட்ச்மேன் கிட்ட பேச்சு குடுங்க, சித்திரை வைகாசில தண்ணி லாரி எத்தன வருது, காசு யார் குடுக்கறாங்கன்னு. மெயின்டனன்ஸ்ல பாதி அங்கதான் போகும்.

அந்த பக்கம் தெருவுக்கு தெரு மாறும். 2015ல முடிச்சூர், வரதராஜபுரம் எப்படி முங்குச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு உங்க தெருல எவ்வளவு தண்ணி நின்னுச்சுன்னு எதிர்த்த பொட்டிக்கடைல கேளுங்க, பில்டர் கிட்ட கேக்காதீங்க.

பத்திரத்துல யுடிஎஸ் (பிரிக்காத மனைல உங்க பங்கு) எவ்வளவுன்னு பாருங்க, அதான் உங்க நிலம், 1050 அடிங்கறது படிக்கட்டு லிப்ட் எல்லாம் சேர்த்தது. கார்பெட் ஏரியா (வீட்டுக்குள்ள புழங்குற இடம்) தனியா கேளுங்க. தாய்ப்பத்திரம், பட்டா, 30 வருஷ வில்லங்கம், அப்ரூவல் பிளான் நாலையும் நகல் வாங்கி நீங்களே ஒரு வக்கீல் கிட்ட காட்டுங்க, பேங்க் வக்கீல் பேங்குக்காக பாக்குறவரு. ரெரா (ரியல் எஸ்டேட்ட கண்காணிக்கிற அரசு ஆணையம்) பதிவு நம்பர அந்த ஆணையத்தோட சைட்ல போட்டு பாருங்க. அக்ரிமென்ட் பதியாம விலைல 10 பர்சன்ட்டுக்கு மேல வாங்கக்கூடாது, 5 லட்சம் அந்த வரம்புக்குள்ளதான் வருது, அதுக்காக தூக்கி குடுத்துடாதீங்க. ஒரு அம்பதாயிரம் டோக்கன் போட்டு "லோன் கிடைக்கலனாலோ லீகல்ல பிரச்சனைனாலோ திருப்பி தரணும்"னு எழுதி வாங்குங்க. எழுதி தரமாட்டேன்னா கிளம்பி வந்துடுங்க.

பழையவீடே_நல்லது:
எல்லாரும் புது பிளாட்டுக்கே கணக்கு போடறீங்க. அதே ஏரியால எட்டு பத்து வருஷ பிளாட் 45க்கு கிடைச்சா ஸ்டாம்பும் ரெஜிஸ்ட்ரேஷனும் 9 பர்சன்ட், 4.05 லட்சம், அதாவது உங்க 58 லட்சம் புது வீட்டுக்கு ஆகுறதேதான். நம்ம பங்கு 9 லட்சம். ஆக 13 லட்சத்துல சாவி கைல, மிச்சம் 3 லட்சம். கிச்சன், கிரில், பேன் எல்லாம் ஏற்கனவே மாட்டியிருக்கும். 36 லட்சம் லோனுக்கு அதே கணக்குல இஎம்ஐ 30 ஆயிரத்து சொச்சம்தான்.

கணக்குப்புள்ள:
@பழையவீடே_நல்லது சரிதான், ஆனா பழைய பிளாட்டுக்கு பேங்க் போடற மதிப்பு பேசின விலைக்கு கீழ வந்தா லோன் அதுல 80 பர்சன்ட்தான், வித்தியாசம் நம்ம கைல இருந்து. அசோசியேஷன்ல பாக்கி இல்லைன்னு லெட்டர் வாங்கணும், லிப்ட், மோட்டார், மொட்டை மாடி வாட்டர்ப்ரூபிங்னு பெரிய வசூல் ஏதாவது வரப்போகுதான்னும் கேக்கணும். அதெல்லாம் சரியா இருந்தா இவர் நிலைமைக்கு அதுதான் பொருந்தும், ஒத்துக்கறேன்.

வாடகைவாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சாயந்திரம் பில்டர் ஆபீஸுக்கு போன் போட்டு கம்ப்ளீஷன் சர்டிபிகேட் நகல் கேட்டேன், "அப்ளை பண்ணியாச்சு சார், ரெண்டு வாரத்துல வந்துடும்"ங்கறாங்க! அட்வான்ஸ் போடல. ஆர்டி போடலாம்னு வீட்ல முடிவு பண்ணியிருக்கோம், ஞாயித்துக்கிழமை கூடுவாஞ்சேரி பக்கம் ரெண்டு பழைய பிளாட் பாக்கப்போறோம். நகைய பத்தி கேட்டத வீட்டம்மா படிச்சுட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாங்க, அது வேற கதை.

மேஸ்திரி அண்ணே, பழைய வீட்டுல தனியா பாக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

சைட்டு மேஸ்திரி:
பாத்ரூமுக்கு பின்பக்க சுவர பாருங்க, புதுசா பெயின்ட் அடிச்சிருந்தா கைய வெச்சு பாருங்க ஈரம் இருக்கான்னு. சீலிங்ல துரு கறை இருந்தா உள்ள கம்பி போயிட்டிருக்குன்னு அர்த்தம், அந்த வீடு வேணாம். கீழ்வீட்டுக்காரங்க கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க, மேல இருந்து ஒழுகுதான்னு.