1.0 டர்போ ஹேட்ச்பேக்: முதல் செலவு ரீமேப்புக்கா, டயருக்கா?

மூன்றாம்கியர்:
கார் 1.0 லிட்டர், 3 சிலிண்டர் டர்போ பெட்ரோல், டைரக்ட் இன்ஜெக்‌ஷன். 6 கியர் மேனுவல், முன்சக்கர இயக்கம். ஓட்டம் 62,000 கி.மீ., வாரண்டி முடிந்துவிட்டது. டயர் காரோடு வந்த அதே 185/65 ஆர்15. மனதில் இருப்பவை: கோன் ஃபில்டர் (திறந்த கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்), கேட்-பேக் எக்ஸாஸ்ட் (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள புகைக்குழாய்), ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகம் எதையும் மாற்றாமல் இன்ஜின் கம்ப்யூட்டர் மென்பொருளை மட்டும் மாற்றுவது), 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய முடியாது. எதில் தொடங்கலாம், எதை விடலாம்? ட்ராக் ஓட்டம் இல்லை, நெடுஞ்சாலையும் மலைப்பாதையும்தான்.

பிரேக்பேட்:
பட்டியலிலேயே இல்லாத இரண்டில் தொடங்குங்கள்: டயர், பிரேக் ஆயில்.

டயர் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்புத் தேதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டை மிச்சம் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். கம்பெனி டயர் பெரும்பாலும் மைலேஜுக்காகவும் ஆயுளுக்காகவும் தேர்ந்தெடுக்கப்படுவது, பிடிமானத்துக்காக அல்ல. அதே ரிம்மில் 195/60 ஆர்15 போட்டால் மொத்த விட்டம் 621.5 மி.மீ.லிருந்து 615 மி.மீ. ஆகும். 1% வித்தியாசம்தான், ஸ்பீடோமீட்டர் குழம்பாது. ரிம் அகலம் ஒத்துவருகிறதா என்று டயர் கம்பெனியின் அட்டவணையில் பாருங்கள். லோடு இன்டெக்ஸும் (டயர் தாங்கும் எடைக்கான எண்) வேகக் குறியீடும் கம்பெனி சொன்னதற்குக் கீழே போகக் கூடாது. அழகுக்காக 17 அங்குல ரிம்முக்குத் தாவ வேண்டாம். சக்கர எடை கூடினால் ஆக்ஸிலரேஷன், பிரேக், சஸ்பென்ஷன் மூன்றும் அடிவாங்கும்.

இந்தக் காரில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முழுக்க மிதித்தால் இப்போதே ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு மினுக்கும். டயர் வழுக்குகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் டார்க் (சக்கரத்தைத் திருப்பும் விசை) சேர்த்து என்ன பயன்?

டார்க்வளைவு:
டயர் மாத்துறது மெயின்டனன்ஸ் சகோ, அதை அப்கிரேடுன்னு சொல்லி வண்டியோட கணக்குல எழுதாதீங்க. தேஞ்சா மாத்தித்தான் ஆகணும். அவர் கேட்டது எது முதல்ல பலன் தரும்னு.

டர்போ பெட்ரோல்ல கம்பெனி நிறைய மிச்சம் வச்சிருக்கும். ஒரே இன்ஜினை வேற வேற பவர்ல விக்கிறது பல நேரம் ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரோட மேப்பை வச்சுத்தான். ஒழுங்கான ஸ்டேஜ் 1, பவரையும் டார்க்கையும் 20 முதல் 30% வரை ஏத்தும். டர்போ இல்லாத இன்ஜின்ல இதே வேலை 5% தாண்டினாலே பெருசு. ட்ராக்‌ஷன் விளக்கு முதல் ரெண்டு கியர்லதான் எரியும். நெடுஞ்சாலைல நாலாம் கியர்ல ஓவர்டேக் பண்ணும்போது அந்த 20, 30% முழுசா கைக்கு வரும்.

கோன் ஃபில்டரையும் கேட்-பேக்கையும் இப்பவே பட்டியல்லேருந்து அடிச்சிருங்க. கேட்-பேக் சத்தம் மட்டும்தான் குடுக்கும். டர்போ வண்டில அடைப்பு டர்பைன்லயும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்லயும் இருக்கு, பின்னாடி சைலன்சர்ல இல்ல. கன்வெர்ட்டரைக் கழட்டலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பெரும்பாலான நாடுகள்ல சட்டவிரோதம், கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலன்னு சொல்ற பி0420 பிழைக் கோடும் விடாம வந்துட்டிருக்கும்.

மூன்றாம்கியர்:
கோன் ஃபில்டர் ஏன் வேண்டாம்? எல்லாரும் அதில்தானே தொடங்குகிறார்கள்.

பிரேக்பேட்:
அதில் மட்டும் டார்க்வளைவோடு ஒத்துப்போகிறேன். கம்பெனி ஏர்பாக்ஸ் கிரில்லுக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. மூடியைக் கழற்றிவிட்டுத் திறந்த கோனை வைத்தால் பானட்டுக்குள் இருக்கும் சூட்டுக்காற்றைத்தான் இழுக்கும். காற்று 10 டிகிரி சூடானால் அடர்த்தி சுமார் 3% குறையும். இன்டர்கூலர் ஒரு பகுதியை ஈடுகட்டும், டர்போவும் கொஞ்சம் கூடுதலாகச் சுழன்று மீதியைச் சரிக்கட்டப் பார்க்கும். மொத்தத்தில் கிடைப்பது விசில் சத்தம்.

அடுத்த சிக்கல் சென்சார். உங்கள் இன்ஜினில் காற்றை அளப்பது மாஃப் சென்சாரா (உள்ளே போகும் காற்றின் அளவைப் படிப்பது), மேப் சென்சாரா (மேனிஃபோல்டில் உள்ள காற்றழுத்தத்தைப் படிப்பது; ஈசியூ மேப் வேறு) என்று பாருங்கள். மாஃப் இருந்து, அது உட்காரும் குழாயை 70 மி.மீ.லிருந்து 76க்கு மாற்றினால் குறுக்குப்பரப்பு 18% கூடும். அதே அளவு காற்று மெதுவாகக் கடக்கும், சென்சார் குறைவாகப் படிக்கும், ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும். கலவை லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து), ஃபியூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டும் சதவீதம்) மேலே ஏறி, லீன் என்று சொல்லும் பி0171 கோடு வந்து நிற்கும். எண்ணெய் தடவும் பருத்தி ஃபில்டரில் கை தாராளமாகப் போனால் அந்த எண்ணெய் மாஃப் கம்பியில் படிந்து அதே கோளாறைத் தரும். சுத்தமான பேப்பர் ஃபில்டரை அதே பெட்டியில் போடுங்கள், போதும்.

ஆனால் ரீமேப்பை முதலில் செய்யச் சொல்வது சரியில்லை. மணிக்கு 100 கி.மீ.க்குப் பதில் 110ல் பிரேக் பிடித்தால் டிஸ்க் வாங்கும் ஆற்றல் 21% கூடுதல். டாட் 4 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதன் வரம்பு 155 டிகிரி. மலை இறக்கத்தில் இது சாதாரணமாக எட்டிவிடக்கூடிய சூடு. அறிகுறியைத் தெரிந்துகொள்ளுங்கள்: பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிவிட்டது, பெடலே மெத்தென்று கீழே போனால் ஆயில் கொதித்துவிட்டது. இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

மாற்றுவதற்கு 1 லிட்டர் போதும். சக்கரத்துப் பிரேக்கில் ஆயிலை வெளியேற்ற இருக்கும் நிப்பிளில் தெளிவான குழாய், மறுமுனை கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, பெடல் மேலே வருமுன் மூட வேண்டும். எந்தச் சக்கரம் முதலில் என்பது மேனுவலில் இருக்கும். பிரேக் ஆயில் டேங்கில் ஆயில் MIN (குறைந்தபட்ச அளவு) கோட்டுக்குக் கீழே போக விடாதீர்கள். காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள் புகுந்தால் பல கார்களில் ஸ்கேன் டூல் இல்லாமல் வெளியே வராது. டாட் 5 என்று எழுதியிருப்பதைத் தொடவே கூடாது, அது சிலிகான். டாட் 5.1 வேறு, அது டாட் 4 உடன் சேரும்.

பெரிய டிஸ்க் கிட் தேவையில்லை. இருக்கும் பிரேக்கே ஏபிஎஸ்ஸை வேலைசெய்ய வைக்கிறது என்றால், நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர்.

டார்க்வளைவு:
பிரேக் ஆயிலுக்கு நான் எதிரி இல்ல. அரைநாள் வேலை, அதைப் பண்ணிட்டு ரீமேப்புக்கு வாங்க. டயருக்குப் பணம் சேர்ற வரைக்கும் ரீமேப்புக்குக் காத்திருக்கணுமான்றதுதான் கேள்வி.

பிரேக்பேட்:
காத்திருக்க வேண்டும். அதோடு, சின்ன டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் எல்எஸ்பிஐ என்ற குறைவேக முன்பற்றல் இருக்கிறது. 1,500 ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும்போது ஸ்பார்க் வருமுன்பே கலவை பற்றிக்கொள்ளும். சாதாரண நாக் (ஸ்பார்க்குக்குப் பின் கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) அல்ல இது. பிஸ்டனின் ரிங் மேடு (ரிங்குகளுக்கு இடையிலான பகுதி) ஒரே தடவையில் உடையலாம். ரீமேப் செய்பவர்கள் தாராளமாக டார்க் ஏற்றுவது சரியாக அந்த இடத்தில்தான். கீழேயே இழுக்கிறது என்றால் வாடிக்கையாளருக்குச் சந்தோஷம்.

டார்க்வளைவு:
அது மட்டமான ஃபைலோட குத்தம், ரீமேப்போட குத்தம் இல்ல. 2,000க்குக் கீழ கம்பெனி டார்க்கை அப்படியே விட்டுட்டு மேல ஏத்தச் சொல்லுங்க. இன்ஜின் ஆயில் ஏபிஐ எஸ்பி தரம், 2020ல வந்தது, எல்எஸ்பிஐ சோதனை அதுல இருக்கு. ஆறாம் கியர்ல 1,400ல போகும்போது தரையோட மிதிக்காதீங்க, கியர் இறக்குங்க. ரீமேப் இல்லாத வண்டிக்கும் இதேதான்.

ரீமேப்புக்கு முன்னாடி பிளக் புதுசாப் போடுங்க. பூஸ்ட் ஏறினா சிலிண்டர்ல அழுத்தம் கூடும், பெரிய இடைவெளில ஸ்பார்க் தாண்டாம மேல்ஆர்பிஎம்ல மிஸ்ஸாகும். கம்பெனி இடைவெளி 0.8 மி.மீ.ன்னா 0.65, 0.7க்குக் கொண்டுவரலாம். இரிடியம் பிளக்ல நடு முனையைத் தொட்டு நெம்பினா உடைஞ்சிரும், பக்க முனையை மட்டும் மெதுவா வளைக்கணும்.

அப்புறம் லாக் எடுங்க, அதாவது ஸ்கேனரை மாட்டி ஓடும்போது சென்சார் கணக்கைப் பதிவு பண்ணுங்க. லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் கூட்டல் கழித்தல் 5%க்குள்ள இருக்கணும். 10 தாண்டினா லீக்கோ சென்சாரோ பாத்துட்டுத்தான் அடுத்தது. மூணாம் கியர்ல 2,500லேருந்து ரெட்லைன் வரை ஒரு இழுப்பு: ஈசியூ கேட்ட பூஸ்டும் வந்த பூஸ்டும் சேந்து போகுதா, நாக்கைத் தவிர்க்க ஈசியூ எந்த சிலிண்டர்லயாவது ஸ்பார்க் நேரத்தைப் பின்தள்ளுதா? எப்பவாவது 1, 2 டிகிரி பரவால்ல. ஒரே சிலிண்டர்ல தொடர்ந்து 4, 5 டிகிரின்னா கம்பெனி மேப்லயே நாக் இருக்கு, அது மேல ரீமேப் ஏத்தக் கூடாது. ரீமேப் முடிஞ்சதும் இதே லாக் திரும்ப. லாக் கேக்காம லேப்டாப்பை மாட்டி பத்து நிமிஷத்துல ஏத்தித் தர்றவர்கிட்ட வண்டிய விடாதீங்க. எந்த ஆக்டேனுக்கு எழுதின ஃபைல்னு கேளுங்க, அதுக்குக் குறைஞ்ச பெட்ரோல் அப்புறம் ஊத்த முடியாது.

ஷிம்_அடுக்கு:
ஸ்பிரிங்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. 40 மி.மீ. இறக்கமும் கம்பெனி டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) சேரவே சேராது. மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டில் அவ்வளவு இறக்கினால் கீழ்க்கை சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாயும். ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), காரின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போகும். கார் சாய்வதற்கான நெம்புகோல் நீளம் கூடும், கடினமான ஸ்பிரிங் தரும் லாபத்தில் ஒரு பகுதியை அதுவே தின்றுவிடும். பயண தூரமும் குறைவதால் வளைவின் நடுவில் ஒரு குழி வந்தால் பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் பயணத்தின் கடைசியில் உள்ள ரப்பர் தடுப்பு) இடித்து, டயர் சட்டென்று பிடி விடும்.

வேண்டுமானால் 25 மி.மீ., அதற்கேற்ற டேம்பரோடு. புஷ் (சஸ்பென்ஷன் கைகளின் ரப்பர் உறை) போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும். முடிந்ததும் அலைன்மென்ட் கட்டாயம்.

பின்பக்கம் ட்விஸ்ட் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் முறுகும் தண்டு) என்றால் அதில் பூட்டும் கூடுதல் ஆன்டி-ரோல் பார் ஒன்றே, வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போவதைக் குறைக்கும். ஆனால் ஈரச்சாலை வளைவில் சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வரும். தேய்ந்த டயரோடு அந்த பாரை மாட்டவே கூடாது. இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால், முன்சக்கர இயக்கமானாலும் புதியவை பின்னால்.

மூன்றாம்கியர்:
பழைய கிளட்ச் ரீமேப் டார்க்கைத் தாங்குமா என்று முன்கூட்டியே பார்க்க வழி உண்டா?

டார்க்வளைவு:
உண்டு. வண்டி நடமாட்டம் இல்லாத ஏத்தத்துல அஞ்சாம் கியர், 2,500 ஆர்பிஎம், முழுசா மிதிங்க. வேகம் ஏறாம ஆர்பிஎம் முள்ளு மட்டும் துள்ளுச்சுன்னா கிளட்ச் வழுக்குது. மலைல ஒரு இருபது நிமிஷம் ஓட்டி கிளட்ச் சூடான பிறகு இன்னொரு தடவை பாருங்க. குளிர்ந்த கிளட்ச் ஏமாத்தும். கம்பெனி டார்க்லயே துள்ளுச்சுன்னா ரீமேப்பைத் தள்ளிவைங்க.

பிரேக்பேட்:
அப்படித் துள்ளினால் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கும்போதே ரிலீஸ் பேரிங்கை மாற்றி, கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீலில் ஆயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிளேட்டில் ஆயில் பட்டிருந்தால் புது கிளட்சும் வழுக்கும். டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவில் ஸ்பிரிங் வைத்த இரண்டு பாக ஃப்ளைவீல்) என்றால் கையால் திருப்பி ஆட்டத்தை அளந்து, கம்பெனி வரம்போடு ஒப்பிடச் சொல்லுங்கள். புது பிளேட் பழக நகர ஓட்டத்தில் 800 கி.மீ. கொடுங்கள். அதற்குள் டயருக்கும் பணம் சேர்ந்திருக்கும்.

டார்க்வளைவு:
கடைசில டயர்லயே கொண்டுவந்து நிறுத்திட்டீங்க. சரி, கிளட்ச் வழுக்கினா உங்க வரிசை. வழுக்கலைன்னா என் வரிசை.