புதுப்பிப்பு: ட்ரிம் போட்டும் போகாத இடைவெளி

பெயர் நெடுவரிசையில், தேவையற்ற இடைவெளிகளை நீக்கும் ட்ரிம் (TRIM) சார்பைப் பயன்படுத்திய பிறகும், எக்செலில் மதிப்பைத் தேடி எடுக்கும் வீலுக்அப் (VLOOKUP) பொருத்தம் காணாமல் பிழை காட்டுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன், காரணம் பிடிபட்டுவிட்டது. ரைட் சார்பால் கடைசி எழுத்தைப் பிரித்து எழுத்தின் குறியீட்டு எண்ணைத் தரும் யூனிகோட் சார்பில் கொடுத்துப் பார்த்தபோது, சாதாரண இடைவெளிக்குரிய 32-க்குப் பதிலாக 160 வந்தது. அதாவது, இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வரும் வரி உடையாத இடைவெளி. ட்ரிம் 32-ஐ மட்டுமே அறியும், அச்சாகாத குறிகளை நீக்கும் க்ளீன் சார்பு 0 முதல் 31 வரை உள்ளவற்றை மட்டுமே நீக்கும் என்பதால் இரண்டுமே அதைத் தொடவில்லை. சப்ஸ்டிட்யூட் சார்பால் அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றி, அதன்மேல் ட்ரிம் போட்டதும் பெரும்பாலான வரிசைகள் பொருந்தின. மிச்சமிருந்தவற்றில் 8203 என்ற அகலமற்ற இடைவெளி இருந்தது, நீக்கிவிட்டேன். எழுத்துகள் இணைவதைத் தடுக்கும், கண்ணுக்குத் தெரியாத குறியான 8204-ஐ மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நீக்க வேண்டாம்: தமிழில் க், ஷ இரண்டும் ஒரே எழுத்தாகச் சேர்ந்துவிடாமலிருக்க அது வேண்டுமென்றே இடப்பட்டிருக்கலாம்.