நடைபாதைக் கல்: அச்சில் ஊற்றுவதா, மண்ணில் ஊற்றுவதா?

வாழைக்கன்று:
மலேசியா, சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்பு) வீடு. வாசலிலிருந்து கொல்லைக் குழாய் வரை 6 மீட்டருக்கு கான்கிரீட்டில் மிதிகல் வார்த்துப் பதிக்கணும். கடையில் விற்கிற சதுரக்கல் வேண்டாம், அசல் பாறை மாதிரி இருக்கணும். அச்சு வாங்குவதா, மண்ணிலேயே குழி தோண்டி ஊற்றுவதா? பாசி படிவதற்குக் கலவையில் தென்னைநார்த் தூள் சேர்க்கலாமா?

கரண்டிக்காரன்:
குழிதான். அச்சில் வார்த்தால் நாலாவது கல்லிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்: அதே மடிப்பு, அதே உடைந்த மூலை. 5 செ.மீ. ஆழம் தோண்டி ஓரத்தைக் கோணல்மாணலாக வெட்டுங்க. காலடிக்குக் காலடி 60 செ.மீ. என்றால் 10 கல் போதும். 40 செ.மீ. அகலக் கல் ஒன்று சுமார் 19 கிலோ. சிமெண்டு 1, மணல் 2, 10 மில்லிமீட்டர் சிறுகல் 3. ஐம்பது கிலோ மூட்டையில் பாதிக்குச் சற்று மேல் செலவாகும்.

அச்சுமணி:
கணக்கு சரிதான் அண்ணே, இடம்தான் தப்பு. காய்ந்த மண் கலவைத் தண்ணீரை உறிஞ்சிவிடும். அடிப்பக்கம் சரியாக இறுகாது, விளிம்பு பொடிப்பொடியாக உதிரும். அதோடு களிமண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். கல் ஆட ஆரம்பிக்கும். அங்கேயே ஊற்றின கல்லுக்கு அடியில் என்ன போடுவீங்க? தனியாக வார்த்தால்தான் கீழே 75 மில்லிமீட்டர் கனத்துக்கு கிரஷர் ரன் (தூளோடு கலந்த உடைகல்) கொட்டி இடித்து, அதன்மேல் 30 மில்லிமீட்டர் மணல் பரப்பிப் பதிக்க முடியும். ஐந்து அச்சு வைத்துக் கல்லைத் திருப்பித் திருப்பிப் போட்டால் ஒரே மாதிரி இருப்பது தெரியாது.

கரண்டிக்காரன்:
பத்துக் கல்லுக்கு ஐந்து அச்சா! ஈர மணலைக் குவித்து அதில் குழி அமைங்க. கசக்கிய பிளாஸ்டிக் தாளை விரித்து ஊற்றுங்க, தண்ணீரை உறிஞ்சாது. இரண்டு நாள் கழித்துத் தூக்கிக் கவிழ்த்தால் தாளின் சுருக்கமெல்லாம் மேல்முகத்தில் பாறை மடிப்பாக நிற்கும். குழியைக் கலைத்து அடுத்ததை வேறு வடிவில் வெட்டலாம்.

அச்சுமணி:
மணலில் செய்தாலும் அது அச்சுதான் அண்ணே. சரி, பதிக்கிற இடம் வேறு என்று ஒத்துக்கிட்டீங்களே, அது போதும்.

செம்பனை நிழல்:
ரெண்டு பேரும் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீங்க. காட்டிக்கொடுப்பது நிறம். மொத்தக் கலவைக்கும் ஒரே ஆக்சைடு (சிமெண்டுக்குப் போடும் நிறத்தூள்) போட்டால் பிஸ்கட் மாதிரிதான் இருக்கும். கிந்தா பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மலையைப் பாருங்க: சாம்பல், நடுவே வெள்ளை, மேலிருந்து வழிந்த கருங்கறை. தாளின் மடிப்புகளில் கறுப்பு, பழுப்பு ஆக்சைடைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிவிட்டு ஊற்றுங்க, கோடுகோடாக ஏறும். இரும்பு ஆக்சைடாகவே கேட்டு வாங்குங்க. கார்பன் கறுப்பு மழையில் மங்கிவிடும்.

அச்சுமணி:
தூவியது மட்டும் என்றால் நடக்க நடக்கத் தேய்ந்து வெறும் சிமெண்டு பல்லிளிக்கும். கலவையை மூன்றாகப் பிரித்து ஒன்றை அப்படியே விடுங்க. மற்றதில் சிமெண்டு எடைக்கு 2 சதவீதம், 4 சதவீதம் என்று சேர்த்து, அதன்பிறகு தூவுவது உங்க பிரியம். பத்துச் சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பலம் குறையும். தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டருக்குள், மணலிலுள்ள ஈரமும் அதில் சேர்த்தி. கூடினால் மேலே வெள்ளை பூத்து, போட்ட நிறமெல்லாம் வீண்.

செம்பனை நிழல்:
அதை மறுக்கவில்லை. வாழைக்கன்று, தென்னைநார்த் தூள் பூச்சட்டிக்குச் சரி, மிதிக்கிற கல்லுக்கு ஆகாது. சிமெண்டு இறுகுவதைத் தாமதப்படுத்தும், பலமும் போகும். புதுக் கல்லின் காரத்தில் பாசி உடனே பிடிக்காது. நம்ம ஊர் மழைக்குப் பின்னால் தானே வரும். வந்ததும் வழுக்கும், அதனால் கால் படும் நடுப்பகுதிக்குக் கீழே தாளை நன்றாகக் கசக்கி விடுங்க.

கரண்டிக்காரன்:
காலையிலேயே ஊற்றிவிடணும், சாயங்கால மழை நம்பக்கூடாது. 7 நாள் ஈரம் காயாமல் வைங்க. பிளாஸ்டிக் போட்டு மூடினால் தாள் ஒட்டிய இடம் ஒரு நிறம், ஒட்டாத இடம் ஒரு நிறம் என்று திட்டுத்திட்டாகும். நமக்கு வேண்டியதே அதுதானே?

அச்சுமணி:
திட்டு எங்கே விழும் என்று உங்க கையிலா இருக்கு? ஈரச் சாக்கு போடுங்க.