வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போய் நாய்க்குப் பிரசவம் பார்த்த கதை

சாவிக்கொத்து:

முப்பத்து மூன்று வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸ், அதில் பாதிக்கு மேல் பிரசவ வார்டு. ஓய்வு பெற்ற பிறகு வீடு பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் அமெரிக்கா போகிறவர்களின் வீட்டில் போய்த் தங்குவேன். மோட்டார் போட வேண்டும், துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும், ராத்திரி வாசல் விளக்கு எரிய வேண்டும். அவ்வளவுதான்.

போன டிசம்பர் கடைசியில் மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்கார அம்மா மகளின் பிரசவத்துக்கு நியூ ஜெர்சி போயிருக்கிறார். பக்கத்து மனையில் ஷீட் போட்ட கொட்டகை, உள்ளே ராஜபாளையம் நாய்கள். வளர்க்கிற தம்பிக்கு முப்பது வயது இருக்கும், பகலில் வாடகைக் கார் ஓட்டுகிறார். இரண்டு ராத்திரி தூக்கம் போனதும் சண்டை போடத்தான் அங்கே போனேன். போனால் ஒரு பெட்டை, நிறைசினை, மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறது. "இது எத்தனையாவது நாள்?" என்று என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும்க்கா, ஜோடி சேர்த்தது."

நாய்க்குச் சுமார் 63 நாள் கணக்கு. தேதி தெரியாமல் பிரசவத்துக்குக் காத்திருந்து எனக்குப் பழக்கமில்லை. ஒரு நோட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டரும் கொண்டுபோனேன். நாயின் உடல் சூடு சாதாரணமாக 101, 102 பாரன்ஹீட் இருக்கும். குட்டி போடுவதற்கு ஒரு நாள் முன்பு 99க்குக் கீழே இறங்கிவிடும். காலையும் மாலையும் பார்த்து எழுதினோம். பின்பக்கம் தெர்மாமீட்டர் வைப்பதை அந்தப் பெட்டை முதல் நாள் ரசிக்கவில்லை, என் நைட்டியின் ஓரம் கிழிந்தது. தம்பி என்னை அக்காவிலிருந்து சிஸ்டருக்கு மாற்றியது அன்றைக்குத்தான்.

போகிக்கு மூன்று நாள் இருக்கும்போது 98.6. மறுநாள் ராத்திரி 11.20க்கு முதல் குட்டி. ஒரு மணிக்குள் நான்கு வந்துவிட்டன. அப்புறம் நின்றது. நடுவில் நிற்பது சகஜம், தாய் ஓய்வெடுக்கும். இது ஓய்வெடுக்கவில்லை, முக்கிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் பலமாக முக்கியும் ஒன்றும் வராவிட்டால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். தம்பி ஃப்ரிட்ஜைத் திறந்து ஓர் ஆம்பியூலை எடுத்துவந்தார். ஆக்சிடோசின்.

"ஒண்ணு போட்டா வந்துரும் சிஸ்டர். போன தடவை அப்படித்தான் வந்துச்சு."

அந்த மருந்து எனக்குப் பழைய சிநேகிதம், கணக்கில்லாமல் உடைத்திருக்கிறேன். அதனால்தான் போட மாட்டேன் என்றேன். அது கர்ப்பப்பையை இறுக்கும். வழி திறந்திருந்தால் நல்லது. குட்டி குறுக்கே மாட்டியிருந்தால் பை கிழிந்து தாயும் போய்விடும். வார்டில்கூட டாக்டர் பார்த்துச் சொல்லாமல் நாங்கள் அதைத் தொட மாட்டோம். உள்ளே குட்டி எப்படிக் கிடக்கிறது என்று தொட்டுப் பார்க்கக்கூட எனக்குத் தெரியாத பிராணிக்கு எந்தத் தைரியத்தில் போடுவது?

"அப்போ நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றார். கோபத்தில் கேட்டாலும் நியாயமான கேள்விதான்.

அவருடைய காரிலேயே தாம்பரம் பக்கம் ராத்திரியில் திறந்திருந்த ஒரு கிளினிக்குக்குப் போனோம். பிறந்த நான்கையும் துண்டில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்கேனில் பார்த்தால் ஐந்தாவது குறுக்கே கிடந்தது, உயிரில்லை. வயிற்றைத் திறந்து அதை எடுத்தார்கள். அதன் பின்னால் இன்னும் இரண்டு, உயிரோடு. விடிகாலை திரும்பி வரும்போது தம்பி வண்டியை நிறுத்தி டீ வாங்கித் தந்தார். ஊசியைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

மயக்கம் தெளியாத தாய்க்குத் தன் குட்டி எது என்றே புரியாது, மேலே படுத்து நசுக்கிவிடும். அதனால் முதல் நாள் முழுக்கக் கையில் பிடித்துப் பால் குடிக்க வைத்தோம், சீம்பால் போவது முக்கியம். மார்கழிப் பனி வேறு. குட்டிக்குத் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. குண்டு பல்பு கட்டி, பெட்டிக்குள் 85லிருந்து 90 டிகிரிக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். எடை பார்க்க வீட்டுக்கார அம்மாவின் சமையலறைத் தராசு. (இதை அவரிடம் அப்புறம்தான் சொன்னேன்.) பிறந்தபோது ஒவ்வொன்றும் நானூறு கிராமை ஒட்டி. தினமும் ஏற வேண்டும், பத்து நாளில் இரட்டிப்பாக வேண்டும். கடைசிக் குட்டி மட்டும் இரண்டாம் நாள் இறங்கியது. பால் அதிகம் சுரக்கும் பின்காம்பில் அதை விட்டு, கொழுத்த அண்ணன்மார்களைத் தள்ளிவைத்தேன். தேறிவிட்டது.

இதை எழுத உட்கார்ந்தது அடுத்த விஷயத்துக்காக. ஐந்தாவது வாரம், சாப்பாட்டுத் தட்டின் சத்தம் கேட்டதும் ஐந்து குட்டி எழுந்து ஓடிவரும். ஒன்று தூங்கிக்கொண்டே இருக்கும், யாராவது மிதித்தால்தான் எழும். தம்பி, "இது சாது சிஸ்டர், கேட்டு வாங்குவாங்க" என்றார். எனக்கு உறுத்தியது. தட்டைத் தரையில் போட்டுப் பார்த்தால் தெரியாது, அதிர்வு காலுக்குப் போய்விடும். கதவுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டினோம். ஐந்தும் தலையைத் திருப்பின. இது திருப்பவில்லை. மூன்று நாள் பார்த்தோம். இதிலும் ஒரு ஓட்டை உண்டு: ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தேறிவிடும்.

ராஜபாளையத்தில் இது புதிதில்லை. உள்காதுக்கும் நிறமிச் செல்கள் வேண்டும். உடம்பில் நிறமே இல்லாத நாய்க்குச் சில சமயம் அவை அங்கேயும் இல்லாமல் போகும். நாமோ ஒரு பொட்டுக்கூட இல்லாத வெள்ளை, ரோஜா நிற மூக்கு, பூனைக்கண் என்று கேட்டு வாங்குகிறோம். 2005இல் தபால்தலையில்கூட வந்த நாய் அது. அழகுக்குக் கொடுக்கிற விலையில் ஒரு பங்கு அந்தக் காது. வாங்குகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன ஈத்தில் ஏதாவது இப்படி இருந்ததா என்று கேட்டேன். வெகுநேரம் கழித்து, "ஒண்ணு இருந்துச்சு" என்றார். அதே தாய், அதே கடுவன். நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அந்த ஜோடியை இனிச் சேர்ப்பதில்லை என்று அவராகச் சொன்னார். காது கேட்காத குட்டியை விற்கவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பழைய பேரேடு:

எனக்கு நாய் என்றால் பயம். முதலில் சொல்லிவிடுகிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்பத்தூர் பக்கம் மைத்துனர் வீட்டை எட்டு மாதம் பார்த்துக்கொண்டேன். எதிர் வீட்டுப் பையன் சிப்பிப்பாறை வளர்க்கிறான். சைதாப்பேட்டையில் அரசாங்கமே நாட்டு நாய்க்குட்டி விற்ற காலத்தில் அவன் அப்பா அங்கே வாங்கிய குட்டியிலிருந்து தொடங்கிய பழக்கமாம்.

கேட் வழியாகவே பேசுவோம். ஒருநாள், "லாபம் வருதா தம்பி?" என்றேன். வருகிறது என்றான். கணக்கு எங்கே என்றேன். தலையைத் தொட்டுக் காட்டினான். சரி, நாமாவது எழுதுவோம் என்று உட்கார்ந்தோம். தீவனம், தடுப்பூசி, உண்ணிக் காய்ச்சலுக்கு ஆன மருந்துச் செலவு எல்லாம் போட்டால் வருடக் கடைசியில் அவன் கையில் நின்றது நாலாயிரத்துச் சொச்சம். பையன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் 2017ஆம் ஆண்டு வந்த நாய் இனப்பெருக்க விதிகளைப் படித்துச் சொன்னேன். மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது, ஒன்றரை வயது ஆகாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது, ஆயுளுக்கு ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. இவன் 35ஆம் நாளே விற்றுக்கொண்டிருந்தான். மீதி மூன்று வாரத் தீவனத்துக்கு யார் தருவார்கள் என்று கேட்டான். விலையில் ஏற்று, தடுப்பூசி போட்ட சீட்டோடு கொடு என்றேன். இரண்டு பேர் பேரம் பேசிவிட்டுப் போய்விட்டார்கள், மூன்றாவது ஆள் வாங்கினார். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். கேட்டுக்கு உள்ளே கடைசி வரை போகவில்லை.

கூலிங் இல்லை:

நான் ஏ.சி. மெக்கானிக். கஸ்டமர் ஒருத்தர் வெளியூர் போகும்போது வேளச்சேரி வீட்டில் என்னைப் படுக்கச் சொல்வார். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். நான் முதல் மாடி. கீழ் வீட்டு அண்ணன் கன்னி நாய் வளர்ப்பவர், ஒன்பது நாள் குட்டிகள். தண்ணீர் ஏற ஏறத் தாயையும் குட்டிகளையும் மேலே தூக்கிவந்தோம். கரண்ட் இல்லை, பல்பு இல்லை, எல்லாம் ஈரம்.

ஏ.சி.காரனுக்குச் சூடு எங்கே கசியும் என்று தெரியும். மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி ஒன்று மொட்டை மாடியில் செடி வைத்துக் கிடந்தது. மண்ணைக் கொட்டிவிட்டுக் கழுவினேன். ஓரத்தில் காற்றுக்கு ஓட்டை, மூடி பாதிதான். கேஸ் அடுப்பில் தண்ணீர் சுட வைத்து, பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றி ஒரு பக்கமாக மட்டும் வைத்தேன். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக மறுபக்கம் இடம் வேண்டுமே. எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர்கிறது, ஆளுக்கொரு மூலையில் கிடந்தால் சூடு ஜாஸ்தி. தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது, அதைப் பார்த்தே பாட்டிலை மாற்றினோம். கரண்ட் வரும்வரை இரண்டு பேரும் முறை வைத்துத் தூங்கினோம். வீட்டுக்காரர் சோபா மட்டும் நாறிவிட்டது. இப்போது அந்த வீட்டுக்கு என்னைக் கூப்பிடுவதில்லை.

கடற்கரைக் காற்று:

எல்லாம் சரி. தெருவில் இத்தனை குட்டிகள் வண்டியில் அடிபட்டுச் சாகும்போது, காசுக்குக் குட்டி போட வைக்கிறவர்களுக்கு எதற்கு இவ்வளவு உதவி? நீங்கள் செய்வது அவர்கள் வியாபாரத்துக்குப் பாலிஷ் போடுவது. அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு தெருநாய்க் கருத்தடை முகாமுக்குப் போயிருக்கலாம்.

சாவிக்கொத்து:

நீங்கள் சொல்வதைத் தப்பென்று சொல்ல என்னால் முடியவில்லை. என் மகனும் இதையேதான் சொல்கிறான். ஆனால் அந்த ராத்திரி முக்கிக்கொண்டிருந்த பெட்டைக்கு அந்தக் கேள்வியால் ஒன்றும் ஆகியிருக்காது. வார்டில் எட்டாவது பிரசவத்துக்கு வந்தவளையும் திட்டிக்கொண்டேதான் பார்த்திருக்கிறோம். தம்பியையும் நிறையத் திட்டியிருக்கிறேன்.

@கூலிங் இல்லை, ஒரு பக்கம் மட்டும் பாட்டில் வைத்தது பெரிய விஷயம். நான் இரண்டு பக்கமும் பல்பு கட்டிவிட்டு அப்புறம் ஒன்றைக் கழற்றினேன்.

காது கேட்காத குட்டியைக் கேட்டுத் தனியாகச் செய்தி அனுப்பியவர்களுக்கு: கொட்டகையிலேயே இருக்கிறது, ஐந்து மாதம் ஆகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் விளக்கை இரண்டு முறை போட்டு அணைத்தால் வந்துவிடும். அதனால் கரண்ட் போய் வந்தாலும் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

வீட்டுக்கார அம்மா அடுத்த வாரம் வருகிறார். தராசு விஷயத்தைச் சொன்னதும், "புதுசு ஒண்ணு வாங்கி வச்சிடுங்க, அதை நீங்களே எடுத்துக்குங்க" என்றார். எனக்கு அடுத்த வீடு நங்கநல்லூரில். நேற்று தம்பி வந்து, அங்கிருந்து ராத்திரியில் கூப்பிட்டால் வர முடியுமா என்று கேட்டார். வேறொரு பெட்டையை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கடுவனோடு சேர்த்திருக்கிறாராம். எத்தனையாவது நாள் என்று கேட்டேன். நோட்டைத் திறந்து பார்த்துச் சொன்னார்.