முத்துப்பேட்டை படகுப் பயணமும் ஸ்நார்க்கலிங்கும் ஒரே நாளில் முடியுமா?

குடந்தைவாசி:

வணக்கம். கும்பகோணத்திலிருந்து எட்டுப் பேர் கிளம்புகிறோம். 9, 12 வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர், 64 வயது அப்பா, மற்றவர்கள் நடுவயது. ஜனவரி கடைசி வாரம் என்று யோசனை. காலையில் படகில் போய்த் தீவுப் பக்கம் பறவைகள், முடிந்தால் கடல்பசு பார்க்க வேண்டும். அங்கேயே மாஸ்க்கும் மூச்சுக்குழலும் போட்டு இறங்கி (அதுதான் ஸ்நார்க்கலிங்) கடலடியும் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும்.

1. முத்துப்பேட்டையில் ஸ்நார்க்கலிங் செய்ய முடியுமா? இல்லையென்றால் டெல்டாவில் வேறு எங்கே?
2. மல்லிப்பட்டினம், மனோரா பக்கம் மீனவர் படகில் போனால் கடல்பசு கண்ணில் படுமா?
3. படகு ஏற எந்த நேரம் நல்லது?

கடைமடை:

முதல் கேள்விக்கு நேரான பதில்: முடியாது. அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும், தண்ணீரே அதற்கு ஏற்றதில்லை. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காக் கோரையாறு, வளவனாறு எல்லாம் வந்து விழுகிற இடம் அது. காவிரிப் பாசனத்தின் வடிகால் முழுக்கக் கொண்டுவரும் நைஸான களிமண் காயலின் அடியில் படிந்து கிடக்கிறது. காயலின் ஆழமே சராசரியாக ஒரு மீட்டர்தான். காற்று கொஞ்சம் தட்டினாலும், ஒரு படகு கடந்தாலும் அடிமண் கிளம்பிவிடும். மாஸ்க் போட்டு முகத்தை வைத்தால் தேநீருக்குள் பார்க்கிற மாதிரி இருக்கும். இறங்கி நின்றால் முழங்கால் வரை சேற்றில் போகும். டெல்டாக் கரை முழுக்க ஏறத்தாழ இதே கதைதான்.

அதற்காக முத்துப்பேட்டையை விட்டுவிடாதீர்கள். மாஸ்க்குக்குப் பதில் பைனாகுலர் எடுத்துப் போங்கள். 8x42 போதும். 10x வாங்கினால் படகு ஆட்டத்தில் படம் நிற்காது.

சுமார் 12,000 ஹெக்டேர் அலையாத்திக்காடு. கோடியக்கரையோடு சேர்த்து 2002-ல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) வந்தது. மரங்களில் பெரும்பங்கு அலையாத்திதான், நடுவே தில்லை. ஏறும் முன் வனத்துறை அனுமதி வேண்டும். முத்துப்பேட்டை வனச்சரக அலுவலகத்தில் முதல்நாளே பேசி, எட்டுப் பேர் என்று சொல்லி, அடையாள அட்டை நகல்களைக் கொடுத்துவிடுங்கள். காலையில் போய் நின்று கேட்டால் 6 மணிப் படகு 9 மணிப் படகாகிவிடும். படகுத்துறை ஜாம்பவானோடையில். கோரையாற்று வழியாகக் காயலுக்குப் போய்த் திரும்ப மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

இப்போது மூன்றாவது கேள்வி. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பினால் போதாது, ஓதத்தையும் (கடல் ஏற்ற இறக்கம்) பார்க்க வேண்டும். வத்தத்தில், அதாவது தண்ணீர் இறங்கிக் கிடக்கும்போது, சேற்றுத்திட்டு வெளியே வரும், உள்ளான், நாரை எல்லாம் அங்கே இறங்கி மேயும். அதே வத்தத்தில்தான் படகும் தரை தட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: வத்தம் முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் காயல் முகப்பில் இருக்கிற மாதிரிக் கிளம்புங்கள். திட்டுகள் பாதி தெரியும், பறவைகள் நெருங்கி நிற்கும். ஏறுகிற தண்ணீரில் தரை தட்டினால் அரைமணியில் தானே தூக்கிவிடும். இறங்குகிற தண்ணீரில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயே உட்கார வேண்டியதுதான். பிள்ளைகளும் பெரியவரும் கூட இருக்கும்போது இந்த ஒன்றில் மட்டும் சமரசம் வேண்டாம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வத்தம் மிக ஆழமாகப் போகும். அஷ்டமி, நவமியை ஒட்டினால் ஏற்ற இறக்கம் குறைவு, படகுக்கு நிம்மதி. ஓதம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். அதனால் போன வாரம் போனவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது. படகோட்டியிடம் "நாளைக்குத் தண்ணி எத்தனை மணிக்கு ஏறும்?" என்று கேளுங்கள். சரியாகச் சொல்வார்.

போகும்போது படகு தெற்கு நோக்கிப் போகும், காலை வெயில் இடப்பக்கம். வலப்பக்கக் கரைதான் வெளிச்சத்தில் இருக்கும், பிள்ளைகளை அந்தப் பக்கம் உட்கார வையுங்கள். பூநாரைக் கூட்டம் தெரிந்தால் 150 மீட்டருக்கு முன்பே என்ஜினை நிறுத்தச் சொல்லிக் கழியால் தள்ளிப் போகலாம். மேய்கிற பறவை தலையைத் தூக்கி நடக்க ஆரம்பித்தாலே நெருக்கம் அதிகம் என்று அர்த்தம். அங்கேயே நின்றுவிடுங்கள், இல்லையென்றால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும்.

மரநடைபாதையில் இறங்கினால் அவசரப்படாமல் ஒரு அலையாத்தி இலையைப் புரட்டிப் பாருங்கள். மழை இல்லாத காலத்தில் உப்புப் பொடி மின்னும். வேரில் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியே தள்ளுகிற வேலை அது. சேற்றிலிருந்து பென்சில் நட்ட மாதிரி நிற்பவை மூச்சுவேர்கள். அவற்றுக்கு நடுவே ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டு அதை ஆட்டிக்கொண்டே இருக்கும், அசையாமல் இரண்டு நிமிடம் நின்றால்தான் வளையை விட்டு வெளியே வரும். காட்டுக்குள் மீன்முள் வடிவத்தில் வெட்டிய வாய்க்கால்களும் கண்ணில் படும். வெட்டழிந்த இடங்களில் தண்ணீர் தேங்கி, காய்ந்து, உப்பு ஏறிப் போன நிலத்துக்கு ஓதநீரைக் கொண்டுபோய்க் கன்று வளர்க்க வெட்டியவை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப் போட்ட மரங்களையும் பார்த்தால், இந்தக் காடு எந்த அடியைத் தாங்கி ஊருக்குள் விடாமல் வைத்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரியும்.

வடகடல்:

கடைமடை அண்ணன் சொன்னது சரி. கடல்பக்கத்தை நான் சொல்கிறேன்.

பிரச்சினை இடத்தில் மட்டும் இல்லை, மாதத்திலும் இருக்கிறது. ஜனவரி கடைசியில் வலசைப் பறவை நிறைய இருக்கும், ஆனால் வாடைக்காற்று இன்னும் ஓயாது. வாடை அடிக்கிற வரை வடகடல், அதாவது பாக் விரிகுடா, கலங்கித்தான் கிடக்கும். அப்போது தென்கடல், மன்னார் வளைகுடா, அமைதியாக இருக்கும். மே மாதத்துக்குப் பிறகு கச்சான் (தென்மேற்குக் காற்று) எழும்பினால் தலைகீழ்: தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட மாசிக் கடைசி, பங்குனிதான் மாஸ்க் போடுகிறவர்களுக்கான காலம். அதனால் இதை இரண்டு பயணமாகப் பிரியுங்கள். தையில் முத்துப்பேட்டை, பங்குனியில் மண்டபம் பக்கம். முத்துப்பேட்டையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மண்டபம் போகவே நாலு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரே நாளில் இரண்டையும் திணித்தால் நடுவெயிலில் போய் இறங்குவீர்கள், அப்போது காற்றும் ஏறியிருக்கும்.

இறங்குவதற்குப் பிரப்பன்வலசை நல்லது. உச்சிப்புளி தாண்டி, வடகடல் கரையில், வனத்துறையின் சூழல் சுற்றுலாவாக நடக்கிறது. ஆழம் குறைவு, அலை குறைவு, புதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்றது. பார்க்கப் போவது கடல்புல் படுகை. வண்ணப் பவளத்தை மனதில் வைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். ஓரா மீன் கூட்டமாகப் புல் மேயும், நட்சத்திர மீன், கடல் அட்டை, அதிர்ஷ்டம் இருந்தால் புல்லைச் சுற்றி வாலைக் கட்டிக்கொண்டு நிற்கும் கடல்குதிரை. அட்டை, கடல்குதிரை, பவளம் எதையும் கையில் எடுக்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. ஒதுங்கிக் கிடந்த பவளத்துண்டைப் பையில் போட்டாலும் வழக்குதான்.

தீவுகள் பற்றி. தூத்துக்குடி முதல் மண்டபம் வரை 21 தீவுகள், 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. மீனவர் யாராவது "முசல் தீவுக்குக் கூட்டிப்போகிறேன்" என்றால் ஏறாதீர்கள், அனுமதியில்லாமல் கால் வைத்தாலே குற்றம், மாட்டினால் அவர் படகும் போகும். குருசடைத் தீவுக்கு மட்டும் குந்துகாலிலிருந்து வனத்துறையே படகு விடுகிறது, அதில் போகலாம். பவளம் எடுத்து எடுத்தே பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்று இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2010, 2016 வெப்பத்தில் பவளம் வெளுத்துச் செத்த இடங்களும் நிறைய. மிச்சம் இருப்பதன் மேல் ஒருவர் காலை ஊன்றி நின்றாலே பல வருட வளர்ச்சி நொறுங்கும்.

கடல்பசு: மல்லிப்பட்டினம், மனோரா பக்கம் இருக்கிறது என்பது உண்மை. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பை 2022 செப்டம்பரில் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே அதுதான் முதல். ஆனால் பார்ப்போம் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்க வேண்டாம். எண்ணிக்கை குறைவு, கூச்சம் அதிகம், சில நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கை மட்டும் தூக்கி மூச்சு விட்டுவிட்டு உள்ளே போய்விடும். என்ஜின் சத்தம் கேட்டாலே விலகும். தேடிக்கொண்டு வேகப்படகில் புல்மேட்டின் மேல் ஓடினால் படகு என்ஜினின் விசிறி அதன் முதுகைக் கிழிக்கும். அதன் மேய்ச்சல் தடத்தைப் பார்க்க வாய்ப்பு அதிகம். தெளிந்த தண்ணீரில் புல்படுகை நடுவே ஒரு சாண் அகலத்தில், வேரோடு புல் போய், ஏர் ஓட்டிய சால் மாதிரி மண் தெரியும். அதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எங்கே கண்டாலும் ஆவுளியா (கடல்பசு) மேய்ந்த இடம் என்று அடையாளம் தெரிந்துவிடும்.

குடந்தைவாசி:

மிக்க நன்றி இருவருக்கும். தையில் முத்துப்பேட்டை, பங்குனியில் பிரப்பன்வலசை என்று மாற்றிக்கொள்கிறேன். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது, மீசை உண்டு, கண்ணாடியும் போடுவார் (மைனஸ் 3). அவரை இறக்கலாமா? மாஸ்க் சொந்தமாக வாங்குவதா, அங்கே கொடுப்பதையே போட்டுக்கொள்வதா?

நீர்முள்ளி:

இறக்கலாம், லைஃப் ஜாக்கெட்டோடு, நெஞ்சளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஓர் ஆள் கையைப் பிடித்தபடி. இதய நோய், ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஜாக்கெட்டைப் போட்டு பட்டைகளை இறுக்கிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் பெரிது. பிள்ளைகளுக்குக் கவட்டைப் பட்டை உள்ளதாகத்தான் வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவும்.

மாஸ்க்கை மட்டும் சொந்தமாக வாங்குங்கள், முகத்துக்கு முகம் அளவு வேறு. பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கள், கையை எடுத்தாலும் ஐந்து நொடி ஒட்டியிருந்தால் பொருந்துகிறது. முழுமுக மாஸ்க் வேண்டாம். அதற்குள் விட்ட மூச்சே சுற்றித் தலை கிறுகிறுக்கலாம், பதறினால் கழற்றவும் நேரமாகும். அப்பாவுக்கு மூக்குக்குக் கீழே மீசை மேல் வாசலின் தடவுங்கள், அதுவும் கசிந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு மழிப்பதுதான் வழி. கண்ணாடி போட்டுக்கொண்டு மாஸ்க் போட முடியாது, காம்பு வழியே தண்ணீர் வரும். பவர் கண்ணாடி பதித்த மாஸ்க், பவரில் அரை அரைப் புள்ளி வித்தியாசத்தில் கிடைக்கும். தண்ணீருக்குள் பொருள் கால் பங்கு நெருங்கித் தெரிவதால் மைனஸ் 2.5 போதும்.

புது மாஸ்க் கண்ணாடியில் தொழிற்சாலை படலம் இருக்கும். உள்பக்கம் வெள்ளைப் பற்பசையால் நாலைந்து முறை தேய்த்துக் கழுவாவிட்டால் என்ன செய்தாலும் ஆவி படியும். இறங்கும் முன் ஒரு சொட்டு பேபி ஷாம்பு தடவி ஒருமுறை அலசினால் போதும். பட்டையை இறுக்கக் கூடாது, இறுக்கினால்தான் சிலிகான் மடங்கிக் கசியும்.

முதல் பத்து நிமிடம் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து நின்று குழல் வழியே மூச்சு விட்டுப் பழகட்டும். குழலில் தண்ணீர் வந்தால் "தூ" என்று ஒரே ஊதலில் வெளியேற்றுவதை அங்கேயே கற்றுக்கொடுங்கள். புல்படுகையில் ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) வேண்டாம், ஒரு உதையில் மண் கிளம்பி பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. ரப்பர் அடி உள்ள துணிக் காலணி போதும். நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மண்ணைத் தேய்த்தபடி நகருங்கள், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிவிடும். மிதித்தால்தான் முள்ளால் அடிக்கும். அடித்தால் பொறுக்கும் சூட்டில் (45 டிகிரிக்குள்) வெந்நீரில் காலை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு பிளாஸ்க் வெந்நீர் கரையில் இருக்கட்டும். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், கடல் தண்ணீரிலேயே அலசுங்கள்.

முதுகு, பின்கழுத்து, பின்னங்கால் மூன்றும்தான் வெந்து போகும். கிரீமை நம்புவதை விட முழுக்கைப் பனியனும் லெக்கிங்ஸும் நல்லது, புல்லுக்கும் மீனுக்கும் ரசாயனம் இல்லை. காலை 7-க்கு இறங்கி 10-க்குள் ஏறிவிடுங்கள், 11-க்கு மேல் கடற்காற்று எழும்பும்.

கடைமடை:

ஒன்று விட்டுப்போனது. முத்துப்பேட்டைப் படகில் ஏறும் முன் நான்கு பொருள் இருக்கிறதா என்று பாருங்கள்: கழி, துடுப்பு, மாற்று ஸ்பார்க் பிளக், கத்தி. விசிறியில் வலைத்துண்டு சுற்றுவது அங்கே சாதாரணம். என்ஜினை நிறுத்தி மேலே சாய்த்து அறுத்தெடுக்கக் கத்தி இல்லையென்றால் நின்றுவிட வேண்டியதுதான். பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையில். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில், காட்டுக்குள் குடிநீர் கிடையாது. கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி வழியாக இரண்டேகால் மணி நேரம் ஆகும். 6 மணிப் படகு என்றால் மூன்றரைக்கே வண்டி கிளம்பியாக வேண்டும்.