இடது தோளில் வலி: ஏர் ரைபிளை எதன் மேல் தாங்கிச் சுடுவது?

காட்பாடி177:
வணக்கம். என்னுடையது .177 அளவு குண்டு போடும் பிரேக் பேரல் (பேரலை மடக்கி இறுக்கும்) ஸ்ப்ரிங் ரைபிள், மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 10 மீட்டர், ஓப்பன் சைட் (லென்ஸ் இல்லாத குறிமுனை), வலக்கைப் பழக்கம். ரைபிளை ஏந்தி நின்று பத்து குண்டு தாண்டினால் இடது தோள் பிடித்துக்கொள்கிறது. கிழிசல் எதுவும் இல்லை, ஆறு வாரம் அந்தக் கையால் எடை ஏந்த வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பைபாட் (இரட்டைக் கால் தாங்கி) மாட்டி மேசையில் வைத்துப் பார்த்தேன். நின்று சுட்டபோது எலுமிச்சம்பழ அளவுக்குள் விழுந்த குரூப் (குண்டுத் துளைகளின் கூட்டம்), இப்போது உள்ளங்கை அகலத்துக்குப் பரவுகிறது. மணல் பை, டிரைபாட், ஸ்ப்ரிங் ஸ்டாண்ட் (ஸ்ப்ரிங் மேல் துப்பாக்கியைத் தாங்கும் கம்பம்), இதில் எதில் காசு போடலாம்?

பாலாற்றங்கரை:
முதல்ல பைபாடைக் கழட்டிடுங்க சார். ஸ்ப்ரிங் துப்பாக்கிக்கு அது ஒத்துவராது. டிரிகர் இழுத்ததும் பிஸ்டன் முன்னால ஓடும், துப்பாக்கி பின்னால உதைக்கும். பிஸ்டன் காத்துல முட்டி நிக்கிறப்போ துப்பாக்கி முன்னால எத்தும். குண்டு பேரலை விட்டு வெளிய வர்றதுக்குள்ளயே இந்த ஆட்டம் ஆரம்பிச்சிடும். அடியில கெட்டியா ஏதாவது இருந்தா துப்பாக்கி துள்ளும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி துள்ளும். உங்க குரூப் பரவுனது அதனாலதான்.

மணல் பையே போதும். ஆனா துப்பாக்கியை நேரா பை மேல வைக்காதீங்க. பை மேல இடது புறங்கை, விரிச்ச உள்ளங்கை மேல துப்பாக்கி, விரல் எதையும் பிடிக்கக் கூடாது. முழங்கை மேசையில படிஞ்சு, மேல்கை உடம்போட ஒட்டித் தொங்கணும். அப்போ எடை பைக்குப் போயிடும், தோளுக்கு வேலையே இருக்காது. முழங்கை மரத்துப்போனா அடியில நாலா மடிச்ச துண்டு.

எந்த இடத்துல தாங்குறதுன்னு துப்பாக்கியே சொல்லும். டிரிகர் கார்டுக்குக் கொஞ்சம் முன்னால ஆரம்பிச்சு, ரெண்டு ரெண்டு சென்டிமீட்டரா பேரல் பக்கம் நகர்த்துங்க. ஒவ்வொரு இடத்துலயும் அஞ்சு குண்டு. குரூப் எங்க சின்னதா வருதோ அங்க கட்டையில டேப் ஒட்டிடுங்க. அப்புறம் அந்த டேப்பை விட்டு நகரவே கூடாது. ஒரு சென்டிமீட்டர் தள்ளி வச்சாலும் குண்டு வேற இடத்துல விழும்.

ஆற்காட்டுத்தறி:
மேலே சொன்னது சரி. பையைக் கடையில் வாங்க வேண்டாம், வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். பழைய ஜீன்ஸ் கால் ஒன்று, முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி. இரட்டைத் தையல் போட்டு, உள்ளே பிளாஸ்டிக் கவர் ஒன்று வைத்து, நாலு அல்லது ஐந்து கிலோ மணல். முக்கால் பைக்கு மேல் நிரப்பினால் கல் மாதிரி ஆகிவிடும், கை பதியாது. எம்-சாண்ட் என்றால் தூள் போகக் கழுவி, இரண்டு நாள் மொட்டை மாடியில் காயவைத்த பிறகே கட்டுங்கள். கழுவாவிட்டால் அந்தத் தூள் துணி வழியாகக் கசிந்து டிரிகருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கேழ்வரகு நிரப்புகிறவர்களும் உண்டு. சின்ன உருண்டை மணி, கைக்கு அழகாகப் பதியும், எடையும் மணலில் பாதிதான். வண்டு வரும், எலியும் வரும்.

நம் பக்கத்துக்கு ஒரு வசதி: ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் துண்டு எடைக்குக் கிடைக்கும். அதில் ஒன்றைச் சொரசொரப்புப் பக்கம் மேலே இருக்கும்படி பையின் மேல் தைத்தால் புறங்கை வழுக்காது.

பையைவிட மேசை உயரம்தான் தோளைக் கெடுக்கும். வீட்டு மேசை 75 செ.மீ., நாற்காலி 45 செ.மீ. என்றால் பை அழுந்திய பிறகு 12 முதல் 15 செ.மீ. உயரம் நிற்க வேண்டும். பை தாழ்ந்தால் கூன் போடுவீர்கள், உடம்பின் பாரம் இடது தோளில் இறங்கும். உயர்ந்தால் முழங்கை மேசையை விட்டு எழும், மறுபடி தோளே தூக்கும். சரிபார்க்க ஒரு வழி: குறி வைத்துவிட்டுக் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, திறந்து பாருங்கள். சைட் விலகியிருந்தால் கையால் தள்ளி நேராக்காதீர்கள். பையையோ நாற்காலியையோ நகர்த்துங்கள்.

டார்கெட் போட்டி உயரமான 1.40 மீட்டரில் தொங்குகிறதா? உட்கார்ந்து சுடும்வரை பேரல் மட்டத்துக்கு இறக்குங்கள், பின்தடுப்பும் கூடவே இறங்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்தைத் தூக்கியே சுடுவீர்கள்.

வேலூர்_ஷூட்:
பேசாம பிசிபி (ஸ்ப்ரிங் இல்லாம, முன்னாடியே அடைச்சு வச்ச காத்துல சுடுற துப்பாக்கி) வாங்கிடுங்க. உதையே இல்ல, பைபாட்ல வச்சாலும் நேராப் போகும்.

பாலாற்றங்கரை:
உதை இல்லங்கிறது சரிதான். ஆனா கை பம்புல 200 பார் அழுத்தத்துக்குக் காத்து ஏத்திப் பாருங்க தம்பி, கடைசி அம்பது பாருக்கு உடம்பு எடை முழுசையும் ரெண்டு தோள் வழியாத்தான் இறக்கணும். சிலிண்டர் வசதி இருந்தா மட்டும் யோசிக்கலாம்.

டிரைபாட் நின்னு சுட உதவும், ஸ்ப்ரிங் துப்பாக்கிக்கு அதுலயும் துள்ளல் உண்டு. ஸ்ப்ரிங் ஸ்டாண்டு பாரா ஷூட்டிங்ல எஸ்எச்2 பிரிவுக்காரங்க, அதாவது துப்பாக்கி எடையைக் கையால தாங்க முடியாதவங்க வைக்கிறது. பொதுப் போட்டியில விடமாட்டாங்க. ஆறு வாரத்துக்காக அதுல பணம் போடாதீங்க.

காக் பண்றதையும் (சுடறதுக்கு முன்ன பேரலை மடக்கி ஸ்ப்ரிங்கை இறுக்குறது) பாருங்க. பேரலை இடது கையால மடக்குறீங்கன்னா வலி அங்கிருந்தும் வரலாம். துப்பாக்கியோட பின்கட்டையை இடது தொடையில ஊனி, வலது கையால மடக்குங்க. பெல்லட் (குண்டு) வைக்கிறவரை பேரலை விடாதீங்க, விரல் உள்ள இருக்கிறப்போ ஸ்ப்ரிங் நழுவுனா விரல் போயிடும்.

காட்பாடி177:
கையை வைத்துச் சுட்டதில் குரூப் பாதியாகச் சுருங்கிவிட்டது, நன்றி. ஆனால் மொத்தமும் அரை இஞ்ச் கீழே விழுகிறது. சைட்டைத் திருப்பலாமா? குணமான பிறகு நின்று சுடும் போட்டி ஒன்று இருக்கிறது.

ஆற்காட்டுத்தறி:
திருப்பலாம், ஆனால் எத்தனை கிளிக் (சைட் திருகின் ஒரு படி) என்று கட்டையிலேயே எழுதி ஒட்டிவையுங்கள். பையில் வைத்த சைட் நின்று சுடும்போது பொருந்தாது. பிடி மாறினால் உதையும் மாறும். போட்டிக்கு முன் அத்தனை கிளிக்கையும் திரும்ப எடுத்துவிட்டு, நின்றபடி புதிதாக ஜீரோ செய்யுங்கள், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சைட்டைச் சரிசெய்யுங்கள்.