லீவு போடாமல் இழக்கும் வேலையை அளக்க முடியுமா?

கணக்குப்பிள்ளை:
எங்கள் நிறுவனத்தில் ஒரு கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார்கள். கடந்த 7 நாளில் உடல்நலக் குறைவு உங்கள் வேலையை எவ்வளவு பாதித்தது, 0 முதல் 10 வரை குறிக்க வேண்டுமாம். அதைச் சம்பளத்தோடு பெருக்கி 'இழப்பு' என்று மேலிடத்துக்குக் காட்டுவார்கள். லீவு நாளை எண்ணலாம், சரி. மனதில் தோன்றிய எண்ணை எப்படிப் பணமாக்குவது?

தேன்சிட்டு:
லீவை மட்டும் எண்ணினால் நான் உங்கள் கணக்கிலேயே வரமாட்டேன். ஒற்றைத் தலைவலியோடு ஒரு மாதம் வேலைக்குப் போனேன், ஒரு நாள் கூட லீவு இல்லை. ஒரே வரியை மூன்று தடவை படிப்பேன். என் பிழைகளைத் திருத்த இன்னொருவர் உட்கார்ந்தார்.

நீங்கள் சொல்வது உடல்நலக் குறைவால் இழக்கும் வேலையை அளக்க 1993-ல் வந்த டபிள்யூபிஏஐ (WPAI) கேள்வித்தாள் மாதிரி இருக்கிறது. 40 மணி நேர வாரத்தில் 8 மணி நேரம் வரவில்லை என்றால் இழப்பு 20%. வந்த 32 மணி நேரத்துக்குப் பாதிப்பு 3 என்று குறித்தால், மீதி 80%-ல் 30%, அதாவது 24%. மொத்தம் 44%. வராத நேரத்தைவிட வந்த நேரத்தில்தான் அதிகம் போயிருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
அதே ஆள் 2 என்று குறித்திருந்தால் 36% தான் வரும். ஒரு புள்ளிக்கு இவ்வளவு ஆட்டமா? வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர் 0 போட்டுவிடுவார். இதே மாதிரியான, உலக சுகாதார நிறுவனத்தின் ஹெச்பிகியூ (HPQ) கேள்வித்தாள் கேட்பதோ கடந்த 4 வாரத்தை. அப்புறம், விட்டுப்போன வேலையை மறுநாள் தானே முடித்துவிட்டால் அது இழப்பா?

வேப்பமரம்:
இருவருமே உடம்பைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். சத்தம், சூடு, மேலாளரின் ஏச்சு இதெல்லாம் எங்கே? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் கணித்தபடி, 2030-ல் வெப்பத்தால் மட்டும் உலகின் மொத்த வேலை நேரத்தில் 2.2% போகும், அது 8 கோடி முழுநேர வேலைக்குச் சமம். நோயே இல்லாதவரும் வெயிலில் வேகம் குறைவார். பணிச்சூழலுக்குத் தனிக் கேள்வி இல்லையென்றால் பழி முழுக்க ஊழியரின் உடம்பு மேல் விழும்.

கணக்குப்பிள்ளை:
தனிக் கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெயர் கேட்கக் கூடாது. ஒரு மாற்றம் செய்வதற்கு முன்னும் பின்னும் அதே குழுவிடம் கேட்டு ஒப்பிடட்டும். பணக் கணக்கு மட்டும் வேண்டாம்.

தேன்சிட்டு:
அங்கேதான் நான் உடன்படவில்லை. என் தலைவலிக்குக் காரணம் மேசைக்கு மேலே மினுக்கிக்கொண்டிருந்த விளக்கு. மாற்றித் தரச் சொல்லி ஆறு மாதம் அலைந்தேன், செலவாகும் என்றார்கள். அதை மாற்றாததால் எவ்வளவு செலவானது என்று காட்ட என் கையில் ஒரு எண் கூட இல்லை.